சாந்தாமணியின் பயத்தில் ஓடிய கார்

கோயம்புத்தூரில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால், அதில் ஏறிப் பார்க்க வருகிறவர்களைவிட அதன் சக்கரத்தைக் குனிந்து பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். "எத்தனை இன்ச்சுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. விலை, வேகம், பேட்டரி எல்லாம் அப்புறம். பெரிய சக்கரம் என்றால் பெரிய மனுஷன், அவ்வளவுதான் கணக்கு. இப்படிப்பட்ட ஊரில், வெட் கிரைண்டர் தயாரிக்கும் திருமூர்த்தி தன் நாற்பத்தாறாவது வயதில், தானாகவே அளவு மாறிக்கொள்ளும் சக்கரம் பூட்டிய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினார். விதி யாரை விட்டது!

வாங்கியதற்குக் காரணம் பங்காளி மருதாசலம். பெரியப்பா மகன், சில மாதங்களே மூத்தவர். அந்தச் சில மாதங்களை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க "தம்பி, தம்பி" என்று தலையில் தட்டுகிறவர். அவருடைய கறுப்புக் காரில் இருபத்தோரு இன்ச் சக்கரம் பளபளவென்று நிற்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு வருஷா வருஷம் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்கு அவர் தவறாமல் போவார். "இந்த வருஷம் நீயும் வா தம்பி. பயமா இருந்தா வேண்டாம், உட்ரு," என்று ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்றைக்குத் திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. கைகழுவும்போதே கார் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்.

காரை ஒப்படைக்க டயர் கம்பெனியிலிருந்து ஜெனோவா என்ற எஞ்சினியர் வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, முப்பது வயதிருக்கும், பொறுமைசாலி.

"சார், இந்தச் சக்கரத்தோட விளிம்பு ஒரே துண்டு கிடையாது. குடைக்கம்பி மாதிரி உள்ள மடங்கும், வெளிய விரியும். ரப்பரும் கூடவே நீளும், சுருங்கும். பதிமூணு இன்ச்ல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் போகும்."

"பெருசா இருந்தாத்தானுங்களே வேகம்?"

"உங்க கிரைண்டர்ல புல்லி மாத்தற கதைதான் சார். பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் போகும். நேர் ரோட்டுல பறக்கலாம். ஆனா கனம் ஜாஸ்தி, கிளம்பறதுக்குள்ள மோட்டார் திணறிரும். சின்னது சட்டுனு கிளம்பும், ஏத்தத்துல நல்லா இழுக்கும், உச்ச வேகம் மட்டும் கம்மி. டயர் அகலமா இருந்தா ரோட்டைக் கெட்டியா பிடிக்கும். ஆனா மழைத் தண்ணியில மிதக்கப் பாக்கும். ரப்பர் ஒல்லியா இருந்தா ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்கும், குழியில விட்டா விளிம்பு போயிரும்."

"செரி, அளவை மாத்தற பட்டன் எங்கீங்க?"

"பட்டனே கிடையாது சார். ஸ்டியரிங் உங்க உள்ளங்கை வழியா நாடியைப் பாத்துக்கும். தைரியமா இருந்தீங்கன்னா சக்கரம் பெருசாகும். பயம் வந்தா சின்னதாகி, அகலமாகும். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

திருமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நம்ம வண்டி எப்பவும் இருபத்தொண்ணுலயே நிக்கும்னு சொல்லுங்க!"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சாந்தாமணி சிரிக்கவில்லை. சக்கரத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமூர்த்தியின் அம்மா நாச்சம்மாள் நாலு டயருக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். வண்டி நகர்ந்தது. அந்தப் புத்திசாலிச் சக்கரம் இருக்கிறதே, அது பழத்தை மேடு என்று நினைத்துக்கொண்டு லேசாகக் குழிந்து, மரியாதையாக மேலே ஏறி இறங்கிவிட்டது. நாலு பழமும் முழுசாக உருண்டன. "பழம் நசுங்கலையே! இது எங்க போய் முடியுமோ சாமி!" என்று நாச்சம்மாள் பதறி, நாலையும் தன் குதிகாலாலேயே மிதித்து நசுக்கிவிட்டுத்தான் உள்ளே போனார். ஜெனோவா இதைத் தன் அறிக்கையில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பீளமேட்டில் ஒரு கல்யாணம். சாந்தாமணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திருமூர்த்தி கிளம்பினார். அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏறியதும் காலை அழுத்தினார். எதிர்க்காற்று சத்தம் போட்டது. ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், கீழே 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கார் அப்படியே குனிந்தது. நாலு சக்கரமும் வற்றிப்போய், பக்கவாட்டில் உப்பி, இட்லி மாதிரி ஆகிவிட்டன. ஆனால் வேகமானி மட்டும் நூற்றுப்பத்து காட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, ஷேர் ஆட்டோ நம்மளை முந்திட்டுப் போகுதுங்க," என்றாள் சாந்தாமணி.

"நூத்திப் பத்துல போறோம்டி!"

"அந்த ஆட்டோக்காரன் டீ குடிச்சுட்டே போறானுங்க."

சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், அந்தச் சுற்றை எண்ணி வேகமானி ஏமாந்துவிடும், அதைத் திருத்தும் அப்டேட் இன்னும் வரவில்லை. இதெல்லாம் பிறகு ஜெனோவா சொன்னது. அப்போதைக்கு, மண்டப வாசலில் அந்தக் கார் போய் நின்ற கோலத்தைப் பார்த்துச் சந்தனக் கும்பாவை வைத்திருந்த பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மருதாசலம் மெதுவாக நடந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, கிரைண்டர் கல்லைக் கழட்டி மாட்டீட்டயா?"

சுற்றிலும் சிரிப்பு. தைரியமாக இருந்தால் பெருசாகும், பயந்தால் சின்னதாகும் என்ற சங்கதி அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. திருமூர்த்தியின் காது சூடாகியது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னார்.

"எனக்கென்னண்ணா பயம்? எங்க வூட்டம்மா பக்கத்துல உக்காந்துட்டு ஒரே நடுக்கம். அந்தப் பயம்தான் சக்கரத்துக்குப் போயிருச்சு."

எல்லாரும் சாந்தாமணி பக்கம் திரும்பினார்கள். அவள் அப்போதுதான் இறங்கிப் பட்டுச்சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். புருஷனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு மருதாசலத்திடம், "ஆமாங்கண்ணா, எனக்கு வேகம்னாலே ஆகாதுங்க," என்றாள். சொல்லிவிட்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் திருமூர்த்தி தனியாக ஓட்டிப் பார்த்தார். பெண்டாட்டி இல்லை, பேச்சுத்துணைகூட இல்லை. மேம்பாலத்தில் ஏறியதும் அதே 'புஸ்ஸ்'. கொதித்துப்போய் ஜெனோவாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தனியாத்தான் வந்தேன். அப்பவும் சுருங்குதே, என்ன சக்கரம் இது?"

மறுமுனையில் கொஞ்சம் தயக்கம். "சார்... அது வந்து, புது அப்டேட்ல குடும்பத்தோட நாடியும் சேருது. மேடம் வீட்டுல உக்காந்து கவலைப்பட்டாலும் போன் வழியா சக்கரத்துக்கு வந்துரும்."

"அதானே பாத்தேன்!" திருமூர்த்திக்கு உயிர் வந்தது. "நாம எங்க, பயம் எங்க!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பந்தயத்துக்குள் சாந்தாமணியின் மனதைக் குளிரவைத்து இருபத்தோரு இன்ச்சுக்குக் கொண்டுவந்தே தீருவதென்று திருமூர்த்தி இறங்கிவிட்டார். ராத்திரிப் பாத்திரமெல்லாம் அவரே கழுவினார். காலையில் காபி போட்டுக் கையில் கொடுத்தார். மருமகளின் ரசத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று தன் அம்மாவுக்கு உத்தரவு போட்டார். "ரசம் வாயில வெக்க முடியலைடா!" என்று நாச்சம்மாள் முறையிட்டபோது, "அதைச் சொன்னா ரெண்டு இன்ச் குறைஞ்சுரும்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாவம், அந்த அம்மாள் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு மௌனமானார்.

இது ஒரு வீட்டுக் கதையாகவும் நிற்கவில்லை. அதே சக்கரம் வாங்கிய மில் முதலாளிகள், டாக்டர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள் எல்லாருடைய வண்டியும் மேம்பாலத்தில் குனியத்தான் செய்தது. எல்லாருக்கும் கம்பெனி அதே பதிலைத்தான் சொன்னது. ஆர்.எஸ்.புரத்தில் சாயங்காலமானால் ஆம்பிளைகள் மல்லிகைப்பூவுக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு டாக்டர் தன் மாமியாரை மூன்று மாதம் விருந்துக்கு அழைத்து வைத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போகிற வீடுகளில், "பொண்ணு நிம்மதியான சுபாவமுங்களா?" என்று விசாரித்தார்கள்.

எல்லாம் சரி, ஆனால் சாந்தாமணிக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. கோயிலுக்குப் போனால், "ஏம் அம்மணி, கொஞ்சம் தைரியமாத்தான் இரேன், அவரு மானம் போகுதல்ல?" என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். திருமூர்த்தி அதைப் பார்த்தால் ஓடிப்போய் இளநீர் வெட்டிக் கொண்டுவருவார், இன்ச் குறைந்துவிடுமே என்ற கவலையில்.

பந்தய நாள் வந்தது. சாந்தாமணியை முதல் நாளே மலை உச்சியில் ஒரு தேயிலைத் தோட்டப் பங்களாவில் தங்கவைத்திருந்தார். காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், அப்புறம் காலுக்கு வெந்நீர், காதுக்குப் பாட்டு. கவலைப்படுவதற்கு அவளுக்கு ஒரு நிமிஷம்கூட மிஞ்சக்கூடாது என்று ஏற்பாடு.

ஆழியாறு அடிவாரத்தில் கூட்டம் நெரிந்தது. வண்டிகளை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். யார் குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறாரோ அவருக்குக் கோப்பை. மருதாசலத்தின் கறுப்புக் கார் உறுமிக்கொண்டு முதலில் போனது. அடுத்தது திருமூர்த்தி. கொடி ஆடியது, அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

'புஸ்ஸ்.'

பதிமூன்று இன்ச். அதற்குக் கீழே போக வழியிருந்தால் போயிருக்கும். கூட்டம் ஊளையிட்டது. ஒருவன் தோளில் இருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அங்க பாரு, உன் நடைவண்டி!" என்றான். "அடிப்பாவி சாந்தாமணி! சந்தகை சாப்பிட்டுமா பயப்படுவே?" என்று திருமூர்த்தி பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் போகவும் முடியாது. வருவது வரட்டும் என்று அழுத்தினார்.

இனிமேல்தான் வேடிக்கை. மலைப்பாதையில் நேர் ரோடு ஏது? ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. உச்ச வேகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? குட்டிச் சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் சட்டென்று நின்று, சட்டென்று கிளம்பியது. உப்பிய டயர் ரோட்டைப் பல்லியாகக் கவ்வியது. திருமூர்த்தி பயத்தில் "ஐயோ, ஐயோ" என்று கத்தக் கத்தச் சக்கரம் இன்னும் அகலமானது, கார் இன்னும் நன்றாக ஏறியது. பாதி மலையில் ஒரு வளைவில் கறுப்புக் கார் ஓரமாகச் சாய்ந்து நின்றது. இருபத்தோரு இன்ச் விளிம்பு ஓரக்கல்லில் ஏறிப் பிளந்திருந்தது. பக்கத்தில் மருதாசலம் இடுப்பில் கைவைத்து நின்றார். சிவப்புக் கார் அவரைக் கடந்து போனது. திருமூர்த்தி அவரைக் கவனிக்கவே இல்லை, கவனிக்கிற நிலைமையிலும் இல்லை.

எல்லா வண்டியும் உச்சிக்கு வந்து நேரத்தைக் கணக்குப் பார்த்ததும், திருமூர்த்திக்குத்தான் முதலிடம் என்றார்கள்.

மேடையில் கோப்பையைக் கையில் வாங்கியதும் திருமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு, "இந்த வெற்றி என்னோட..." என்று ஆரம்பித்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "உங்களுது எங்கீங்க? சின்னச் சக்கரந்தானே ஜெயிச்சுது! அது அக்காவோட பயமுங்க!"

ஆமாம் என்றது கூட்டம். மூன்று மாதமாக அவரே ஊரெல்லாம் சொன்னதாயிற்றே! இப்போது எப்படி இல்லை என்பது? திருமூர்த்தி கோப்பையைத் தாழ்த்தினார். "எல்லாம்... எங்க வூட்டம்மா பயந்த பயந்தானுங்க," என்று முனகினார். அவ்வளவுதான், பெண்கள் சாந்தாமணியைத் தூக்காத குறையாக மேடையேற்றி, மாலை போட்டு, கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். போட்டோவில் திருமூர்த்தியின் ஒரு காது மட்டும் விழுந்தது.

மலையிறங்கக் கிளம்பும்போது சாந்தாமணி கை நீட்டினாள். "சாவியைக் குடுங்க மாமா. உங்களுக்குக் கை ஓஞ்சு போயிருக்கும்."

"நீயா? மலையிலயா?"

"கல்யாணத்துக்கு முந்தி பொள்ளாச்சியில இருந்து பாலக்காட்டுக்கு எங்கப்பா தேங்காய் லாரியை யாருன்னு நெனச்சீங்க ஓட்டினது?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கீழே இதுவரை கேட்டிராத ஒரு சத்தம், குடை விரிகிற மாதிரி. கார் நிமிர்ந்தது. வளைவுக்கு வளைவு இருபத்தோரு இன்ச்சில் பாட்டு முணுமுணுத்தபடி இறக்கினாள். பக்கத்தில் திருமூர்த்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சாந்தாமணி, மெதுவா! நான் இங்க நடுங்கி சாகறேன், இந்தச் சக்கரம் சுருங்க மாட்டேங்குது பாரு! குடும்பத்தோட நாடி சேரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே!"

சாந்தாமணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மாதிரி அப்டேட்டே இல்லீங்க. ஓட்டறவங்க நாடி மட்டுந்தான். அந்தப் பீளமேட்டுக் கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே நாந்தான் அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணி, அப்படிச் சொல்லச் சொன்னேன். நல்லா வேலை செஞ்சுதாம். அப்பறம் கம்பெனியே எல்லாருக்கும் அதையே சொல்லிருச்சு."

திருமூர்த்திக்கு விளங்க இரண்டு வளைவு ஆயிற்று.

"அப்ப... அந்தப் பயம்..."

"உங்களுதுதானுங்க."

"இன்னிக்கு ஜெயிச்சது?"

"அதுவும் உங்களுதுதான். எனக்கு மால போட்டுட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் அவள் மடியில் கிடந்த கோப்பையைப் பார்த்தார். ஆயுசுக்கும் ஏங்கிய கோப்பை. தன்னுடையதேதான். ஆனால் இதை எனக்கு என்று கேட்டால், பயமும் எனக்கு என்று சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வழியில்லை.

"ஏன் சாந்தாமணி, அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"அத்தனை பேர் முன்னால உங்க மூஞ்சியைப் பாத்தேன். சொல்ல மனசு வரலை." அடுத்த வளைவைத் திருப்பினாள். "ஆனா வலிச்சுதுங்க மாமா. பாத்திரம் கழுவிக் குடுத்தீங்க, பூ வாங்கிக் குடுத்தீங்க. எல்லாம் சக்கரத்துக்காக. கோயில்ல கண்டவங்கெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னாங்க. லாரி ஓட்டினவளுக்கு!"

திருமூர்த்தி கைப்பிடியை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. உடைந்த கறுப்புக் காரை ஏற்றிய லாரி நின்றது. மருதாசலமும் நாலைந்து பங்காளிகளும் பெஞ்சில் இருந்தார்கள். "நிறுத்து," என்றார் திருமூர்த்தி. இறங்கி நடந்தார்.

"அண்ணா," என்றார். "பயந்தது நான். ஆரம்பத்துல இருந்தே நாந்தான். சாந்தாமணிக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. நான் பொய் சொல்லீட்டேன்."

பெஞ்சில் இருந்த ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். மருதாசலம் அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அந்த வளைவுல நான் கண்ணை மூடிட்டேன் தம்பி. அதான் கல்லுல ஏறிருச்சு. வருஷா வருஷம் மூடறதுதான். என் சக்கரம் மாறாத சக்கரம், அதனால ஒருத்தனுக்கும் தெரியலை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மலையைப் பார்த்தார்கள்.

சாந்தாமணி கார் கண்ணாடியை இறக்கினாள். "மருதாசலண்ணா, உங்க வண்டிதான் படுத்துக் கெடக்குதே. பின்னாடி ஏறிக்குங்க, வீட்ல உட்டுடறேன்."

மருதாசலம் அந்தக் குட்டிப் பின் சீட்டில் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு எப்படியோ நுழைந்தார். "அம்மணி, பொள்ளாச்சி ரோடு காலியாத்தான் இருக்கும். இருந்தாலும் கொஞ்சம் நிதானமா..." என்று ஆரம்பித்தார்.

சாந்தாமணி கோப்பையைத் தூக்கிப் புருஷன் மடியில் வைத்தாள். கீழே சக்கரம் விரிந்தது. திருமூர்த்தி பின்னால் கையை நீட்டினார். மருதாசலம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.